குழாய்களைச் சோதிக்க ஏன் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள்?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் பலருக்கும் வரும் கேள்வி இது. குழாயில் தண்ணீர் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப்போல (குழாய் எந்த அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அது) வழக்கமாக 1.5 மடங்கு ஏற்றி, குறைந்தது 10 நிமிடம் நிறுத்திக் கசிவு பார்ப்பதுதான் ஹைட்ரோ டெஸ்ட்.

மூடிய காலி பாட்டிலை அழுத்துங்கள். அமுங்கி, விட்டதும் எகிறும். விளிம்புவரை நீர் நிரம்பியது அமுங்காது. அமுங்கிய காற்றில் சேரும் சக்திதான் குழாய் உடைந்தால் வெடிப்பாகிறது. அதனால்தான் உள்ளே காற்று தங்காதபடி, நிரப்பும்போது உச்சியிலுள்ள வென்ட்டை (காற்று வெளியேறும் வழி) திறந்து, குமிழி நின்று தண்ணீர் சீராகக் கொட்டும்வரை காத்திருக்க வேண்டும். இதில் அவசரம் காட்டவே கூடாது. அப்புறம், நம் ஊர் வெயிலில் மூடிய குழாயில் நீர் விரிந்து அழுத்தம் தானாக ஏறும். மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் ரிலீஃப் வால்வு அவசியம்.

‘தண்ணீர்தானே’ என்று அழுத்தம் இருக்கும்போதே கசியும் ஃபிளாஞ்சின் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டு) போல்ட்டை இறுக்குவது தவறு. அழுத்தத்தை முழுதாக இறக்கிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.