30 அடி மனையில் அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி போதுமா, ஹிட்டாச்சி வேண்டுமா?

தாராளமாகப் போதும். ஜேசிபி டயரில் ஓடுவதால் ரோட்டிலேயே வந்துவிடும். செயின் வண்டியான ஹிட்டாச்சியை லாரியில் ஏற்றி வர வேண்டும், தெருவில் இறக்கவும் இடம் வேண்டும். ஜேசிபி பின்கையால் தோண்டும், முன்பக்கெட்டால் மண்ணை அள்ளி டிப்பரில் போடும். நடுத்தர வண்டியே 15 அடி ஆழம் எட்டும். வீட்டுக்கு 5, 6 அடிக்கு மேல் அரிதாகத்தான் தேவைப்படும்.

ஆனால் மனைக்கு வரும் வழியின் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். வண்டி ஏழரை அடி அகலம் இருக்கும். 8 அடிச் சந்து என்றால் மினி எக்ஸ்கவேட்டர் என்ற சின்னத் தோண்டும் மெஷின்தான் சரி.

தோண்டும்போது ஜேசிபியைச் சாயாமல் தாங்கும் பின்பக்கக் கால்கள் இரண்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். நேற்று கொட்டிய மண்ணிலோ செப்டிக் டேங்க் மூடியிலோ கால் நின்றால் வண்டி சாயும். அடியில் தடித்த பலகை போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மெஷினை விடவே விடாதீர்கள். சுவரை ஒட்டிய கடைசி இரண்டடியை ஆள் வைத்து, பகுதி பகுதியாக வெட்டுவதே பாதுகாப்பு. மண்ணுக்குள் ஈபி கேபிள், குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம், வாடகை மணிக்கணக்கு. டிப்பர் வந்து நின்ற பிறகே வண்டியை வரச் சொல்லுங்கள்.