மரக்கோட்டை இருந்த இடம்

அன்புள்ள ஐயா,
பதினொன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் அங்கே கட்டிய மரக்கோட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மரம் எப்போதோ மக்கியிருக்கும். வயல் நடுவே வெறும் மேடுதான் மிச்சம் என்றால், அங்கே கோட்டை இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேட்டை மட்டும் வைத்துச் சொன்னால் ஏமாந்துபோவோம். யார்க்‌ஷயரின் ஸ்கிப்ஸீ மேடு நார்மன்கள் குவித்தது என்றே நம்பிவந்தார்கள். 2016-இல் அதில் துளையிட்டு எடுத்த மண்ணைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அது அவர்களுக்குச் சுமார் 1,500 ஆண்டுகள் முந்தைய இரும்புக்கால மேடு என்று தெரிந்தது. நார்மன்கள் அதன்மேல் கோட்டையை ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய காற்றாலை மேடுகளும் குழப்பும். ஆலையைத் தாங்கிய குறுக்குக்கட்டைகள் கூட்டல் குறி போலத் தடம் விட்டிருந்தால் அது ஆலைமேடு.

ஆகவே மேட்டின் அடியைச் சுற்றி அகழி இருக்கிறதா, பக்கத்தில் கரையும் பள்ளமும் சூழ்ந்த முற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உழுது தேய்ந்த கரைகூட விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து எடுக்கும் லைடார் படத்தில் தெரியும்.

கடைசிச் சாட்சி கம்பக்குழிதான். குழியைக் கம்பத்தைவிட அகலமாக வெட்டி, இடைவெளியில் மண்ணும் கல்லும் போட்டு இறுக்குவார்கள். மரம் மக்கியதும் அந்த இடத்தில் கருத்த, பொலபொலவென்ற மண் நிரம்பும். கரண்டியால் தரையைச் சீராகச் சுரண்டினால் கறுப்பு வட்டம் தெரியும். வெயிலில் தரை காய்ந்தால் நிற வேறுபாடு மறைந்துவிடும். தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். சர்ரேயின் ஆபிஞ்சரில் 1949-இல் மேட்டின் உச்சியில் இப்படித்தான் கோபுரத்தின் கால்களும் வேலியின் கால்களும் கிடைத்தன.

ஆனால் எல்லாக் கட்டடமும் குழி தோண்டி நட்டதல்ல. வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரிக்கு அருகே உள்ள ஹென் டோமெனில் (வெல்ஷ் மொழியில் ‘பழைய மேடு’) தொல்லியலாளர் பிலிப் பார்க்கர் 1960-இல் அகழாய்வைத் தொடங்கினார். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அங்கே பல வீடுகள் தரையில் கிடத்திய உத்தரங்களின்மேல் நின்றவை. மிஞ்சியது கூழாங்கல் பரப்பில் மெல்லிய வேறுபாடுதான். ஒடுக்கமான பள்ளம் வெட்டியிருந்தால் ஒன்றுமில்லை என்று மூடிப் போயிருப்பார்கள். பரப்பை அகலத் திறந்து, கல் கல்லாகப் படத்தில் குறித்ததால்தான் முற்றத்தில் நெருக்கமாக நின்ற கட்டடங்கள் புலப்பட்டன. இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பானை ஓடுகளோ காசோ கிடைக்கவில்லை என்பதற்காகக் கோட்டை இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. ஹென் டோமெனைக் கட்டியவர் மான்ட்கோமரி ரோஜர், நார்மன் மன்னர் வில்லியமுக்கு மிக நெருக்கமான பிரபு. அப்படிப்பட்டவரின் கோட்டையில்கூடக் கிடைத்த பொருள்கள் சொற்பம்.