பக்கத்து மனையில் பைல் அடித்தால் நம் வீட்டுக்கு வந்து சேர்வது எது?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி, அடுக்குமாடிக் கட்டடத்துக்காகப் பைல் (அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் சன்னல் கண்ணாடி நடுங்குகிறது. மண் எங்கள் பக்கமாகத் தள்ளப்படுகிறதா? சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்தடிப் பள்ளம் வெட்டினால் அதிர்வு நிற்குமா?

பதில்: பைலை ஒட்டியுள்ள மண் விலகத்தான் செய்யும், ஆனால் அந்த நகர்வு பெரும்பாலும் பைலுக்கு அருகிலேயே அடங்கிவிடும். உங்கள் சன்னலை நடுங்கவைப்பது மண் வழியாக வந்து சேரும் ஆற்றல். 3 டன் சுத்தியலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஓர் அடிக்கு ஏறத்தாழ 44,000 ஜூல் கிடைக்கிறது. பைலை இறக்கச் செலவானது போக, அதில் ஒரு பகுதி அலையாகப் புறப்படுகிறது.

அடிபட்ட மண்துகள் அண்டைத் துகளை அழுத்தியும் இழுத்தும் அசைத்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்புகிறது. அசைந்த துகள் அதே வேலையைத் தனக்கு அடுத்ததன்மேல் செய்கிறது. தாம்புக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை உதறிப் பாருங்கள். மேடு தூண்வரை ஓடிச் சேரும். கயிற்றில் நீங்கள் போட்ட முடிச்சோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும்.

இரண்டு வேகங்களைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த அச்சம் பெரிதாகிறது. அலை மண்ணில் நொடிக்கு 180 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், அதே நேரத்தில் மண்துகள் நொடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கலாம். 15 ஹெர்ட்ஸ் அதிர்வில், அதாவது நொடிக்கு 15 முறை ஆடும்போது, அதற்குரிய வீச்சு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர், அவ்வளவுதான் மண் அசைகிறது. நம் உடல் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தையே உணர்ந்துவிடும் என்பதால், தெரிகிற அதிர்வெல்லாம் சேதம் செய்கிற அதிர்வு ஆகிவிடாது.

மண்ணுக்குள், துகள்கள் அலை செல்லும் திசையிலேயே ஆடும் நெட்டலை, அதற்குக் குறுக்காக ஆடும் குறுக்கலை இரண்டும் செல்கின்றன. தரையை ஒட்டி, 1885இல் இயற்பியலாளர் ரெய்லி பிரபு கணித்துச் சொன்ன மேற்பரப்பு அலை செல்கிறது. தரைமேல் செங்குத்தாக அதிரும் வட்டத் தகட்டுக்கு மில்லர், பர்சி என்ற ஆய்வாளர்கள் 1955இல் போட்ட கணக்கில், ஆற்றலில் 67 விழுக்காடு இந்த ரெய்லி அலைக்கே போனது. பைல் முனை ஆழத்தில் இருக்கும்போது இந்தப் பங்கு மாறும் என்றாலும், தூரத்து வீடுகளைத் தொடுவதில் ரெய்லி அலைக்கே முதலிடம். ஆழத்தில் பரவும் அலைகளின் ஆற்றல் எல்லாத் திசையிலும் சிதற, இது தரையோடு வளையமாக மட்டுமே விரிவதால் மெதுவாகத் தேய்கிறது: 10 மீட்டரில் இருந்த துகள் வேகம் 40 மீட்டரில் பாதியாகும், ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால் பங்காகும். மண்ணின் உள் உராய்வில் வெப்பமாகக் கரைவது இதற்கு மேல்.

இனி உங்கள் பள்ளம். நொடிக்கு 180 மீட்டரை 15 ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 12 மீட்டர் வருகிறது. பள்ளம் பயன்தர, அதன் ஆழம் அலைநீளத்தில் குறைந்தது 0.6 பங்காவது இருக்க வேண்டும் என்பதை உட்ஸ் என்ற ஆய்வாளர் 1968இல் கள ஆய்வில் கண்டார். அதாவது ஏழு மீட்டருக்கு மேல். ஐந்தடிப் பள்ளத்தை அலை அடியில் புகுந்து கடந்துவிடும். சுற்றுச்சுவரின் அஸ்திவாரத்துக்குத்தான் கேடு. தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அதற்குப் பதில், இன்றே ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஒப்பந்தக்காரரிடம் உங்கள் அஸ்திவார மட்டத்தில் அதிர்வுமானி வைக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை, 10 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுக்குக் குடியிருப்பு வீடுகளில் நொடிக்கு 5 மில்லிமீட்டரையும், பாதுகாக்க வேண்டிய நுட்பமான பழங்கட்டடங்களில் 3 மில்லிமீட்டரையும் வழிகாட்டும் அளவாகக் கொள்கிறது. அதை நெருங்கினால் சுத்தியல் விழும் உயரத்தைக் குறைக்கலாம். துளையிட்டு வார்க்கும் பைலுக்கு மாறுவது இன்னும் நல்லது.

உங்கள் மனையில் தளர்ந்த மணல் இருந்தால் மட்டும் இந்த அளவுகளை நம்பி இருந்துவிட வேண்டாம். சிறிய அதிர்வுகளும் ஆயிரக்கணக்கில் தொடர்ந்தால் அத்தகைய மணல் இறுகி அமரும். வீட்டின் நான்கு மூலைகளிலும் மட்டக் குறி வைத்து, வாரம் ஒருமுறை ரசமட்டக் குழாயால் சரிபாருங்கள்.