வீட்டுக்கு அடியில் ஈரம்: திறந்து விடுவதா, அடைப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தரை மரப்பலகை. அதற்குக் கீழே ஆள் தவழ்ந்து போகிற உயரத்தில் ஒரு கிரால் ஸ்பேஸ், அடியில் வெறும் மண். கோடை வந்தால் வீடெல்லாம் பூஞ்சை வாடை. வெப்பத்தைத் தடுக்கப் பலகைக்குக் கீழே செருகிய ஃபைபர்கிளாஸ் பஞ்சும் அங்கங்கே தொங்குகிறது. ஒருவர் வென்ட்டுகளை, அதாவது சுவரில் உள்ள காற்றுத் துளைகளை, கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்கிறார். பஞ்சை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. ஈரம் குடித்துக் கனத்துப் போனதால்தான் அது தொங்குகிறது. புதுப் பஞ்சும் அதே ஈரத்தைத்தான் குடிக்கும்.

முதலில் ஈரம் வரும் வழியைப் பாருங்கள். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளை மண்மேல் விரித்து, ஓரங்களை அழுத்தி மூடி, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடிப்பக்கம் துளித்துளியாகக் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலிருந்து. இரண்டு பக்கமும் நனைந்திருப்பதும் உண்டு.

'காற்றோட்டம் இருந்தால் காய்ந்துவிடும்' என்பது பழைய நம்பிக்கை. வறண்ட காற்றுக்கு அது சரி. ஆனால் 30 டிகிரி வெப்பமும் 70% ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது இப்படித்தான். வெயிலே படாத மண்ணும் ஏசி காற்றுக் குழாயும் பல நேரம் அதைவிடக் குளிர்ந்தவை. உங்களுக்கு வாடை கோடையில்தான் வருகிறது என்பதால், வென்ட்டைக் கூட்டினால் ஈரமும் கூடும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக நாளைக்கே அடைத்துவிடாதீர்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டுகிறதா பாருங்கள். வெளிமண் பத்தடிக்கு அரையடியாவது வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் கிரால் ஸ்பேஸுக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான். பிறகு கல், மரத்துண்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, குறைந்தது 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிதீனை மண் முழுக்க விரியுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறியிருக்கட்டும். இணைப்புகளுக்கு டேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் அரையடி ஏற்றி ஒட்டுங்கள். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு வேலையிலேயே தீரும்.

அப்புறம் மரச்சட்டங்களில் ஈரமானியின் ஊசியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காயும்வரை பொறுங்கள். அந்த அளவு இறங்கிய பிறகு வென்ட்டுகளை அடைத்து, பலகைக்கடியில் பஞ்சு வைப்பதற்குப் பதில் கிரால் ஸ்பேஸ் சுவரின் உட்பக்கம் கெட்டியான ஃபோம் பலகை பொருத்தலாம். கரையான் உள்ள இடமென்றால் சுவர் உச்சியில் மூன்று அங்குலம் விட்டுவிடுங்கள், அதன் மண்தடம் கண்ணில் படுவது அங்கேதான். அடைத்த இடத்துக்கு டிஹ்யூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் இயந்திரம், தேவைப்படும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

கேஸ் ஹீட்டர் ஏதாவது அந்த இடத்துக் காற்றை இழுத்து எரிகிறதென்றால், அதைச் சரிபார்க்காமல் ஒரு வென்ட்டைக்கூட மூடக்கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடை காட்டாது. உள்ளே தவழ்ந்து பார்க்காமல் வாசலிலேயே விலை சொல்கிற ஆளிடம் இந்த வேலையை நான் கொடுக்க மாட்டேன்.