டேப் வைத்து அளப்பவர் 4,000 ரூபாய், டிஜிபிஎஸ் (சேட்டிலைட் உதவியால் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி) வைத்திருப்பவர் 15,000 ரூபாய் கேட்கிறார்கள். என் தோட்டத்தை யாரிடம் கொடுத்து அளப்பது?

இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எந்தக் கல்லில் இருந்து அளவு எடுப்பீங்க?" கல் என்றால் மூலைகளில் நட்ட சர்வே கல். வரும் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம். கருவியைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நானும் பொள்ளாச்சிப் பக்கம் இதே தொழில்தான். என் வண்டியில் டேப்பும் கிடக்கிறது, ஒளிக்கதிரால் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனும் இருக்கிறது. டிஜிபிஎஸ் ரோவர் (புள்ளிக்குப் புள்ளி எடுத்துப்போய் அளக்கும் கருவி) வேண்டுமென்றால் வாடகைக்கு எடுப்பேன். அதனால் நான் சொல்வதில் தொழில்காரன் சாய்வு கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்களுடையது இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார் என்று சந்தேகம் என எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் புலப்படம் (சர்வே எண்ணுக்கு அரசு வரைந்த அளவுப் படம்) எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, மூலைக்கு மூலை ஜி-லைன் என்னும் அளவுக் கோடு போட்டு, அதிலிருந்து நேர்குத்தாக எல்லை வளைவுகளுக்கு ஆஃப்செட் (பக்கவாட்டுத் தூரம்) எடுத்து வரைந்த படம் அது. அந்தக் காலத்தில் 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். பிற்பாடு மீட்டருக்கு மாறினோம். பெரும்பாலான கிராமப் படங்களில் அளவு மீட்டரில் ஒரு தசம இடத்தோடு நின்றுவிடும், அதாவது 10 சென்டிமீட்டருக்குக் கீழே படத்தில் எதுவும் கிடையாது. பட்டாவில் பரப்பு பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கியே இருக்கும். அரை ஏர் என்றால் 50 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றேகால் சென்ட். இப்படிப்பட்ட ஆவணத்தை வைத்துக்கொண்டு "எங்க மிஷின் மில்லிமீட்டர் சுத்தம்" என்று ஒருவர் சொன்னால், அது மிஷினின் பெருமை, உங்கள் எல்லையின் பெருமை இல்லை.

இன்னொன்று முக்கியம். நம் புலப்படங்களில் பெரும்பாலானவை அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாமல் வரைந்தவை. தரையில் நட்ட கற்களோடுதான் படத்துக்கு உறவு. டிஜிபிஎஸ் வைத்திருப்பவர் நீங்கள் நிற்கும் புள்ளியைச் சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடுவார், ஆனால் அந்தப் புள்ளி உங்கள் மூலையா என்று சேட்டிலைட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியது கல். சிலர் புலப்படத்தை கணினியில் ஏற்றி, கூகுள் எர்த் படத்தின்மேல் வைத்து, வரப்போடு பொருந்துகிற மாதிரி நகர்த்தி, அந்தப் புள்ளிகளை வயலில் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கூகுள் படமே பல மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அதோடு, இப்போது இருக்கும் வரப்பையும் வேலியையும் பார்த்துப் பொருத்தினால், வேலியைத் தள்ளிப் போட்டவருக்கே சாதகமாகத்தான் முடியும். "சேட்டிலைட்டே காட்டிருமுங்க" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தென்னந்தோப்பு என்பதால் இன்னொரு சிக்கல். 25 அடி இடைவெளியில் வளர்ந்த மரங்களின் மட்டை வானத்தை மூடிவிடும். ரோவரில் 'ஃபிக்ஸ்' (உறுதியான அளவு) வராமல் 'ஃப்ளோட்' (தோராய அளவு) என்றே நிற்கும். அந்த நிலையில் எடுக்கும் அளவு அரை மீட்டர்கூடத் தவறலாம். அங்கே டோட்டல் ஸ்டேஷன்தான் தோது: மரவரிசைக்கு நடுவே பார்வை கிடைத்தால் போதும், சரிவான நிலத்திலும் கிடைமட்ட தூரத்தைத் தானே கணக்குப் போட்டுவிடும்.

டேப் ஆளை ஒதுக்கிவிடலாமா என்றால், அவசரப்படாதீர்கள். 30க்கு 40 மனையை நல்ல ஸ்டீல் டேப்பில் அளந்தால் டிஜிபிஎஸ்ஸைவிடச் சுத்தமாக வரும். ஆனால் உங்கள் தோப்பு 200 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். துணி டேப் இழுபட்டு 20 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் கூடியிருந்தால், நீளத்தில் மட்டும் அரை மீட்டர் பிசகும். சரிவில் டேப்பைத் தரையோடு படுத்துப் பிடித்தால் இன்னும் மோசம்: 20 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் 10 சென்டிமீட்டர் போகும். அதே சமயம் டேப் பிடிப்பவர்களில் பலர் ரிட்டயர்டு அரசு சர்வேயர்கள். எந்தப் புதருக்குள் எந்தக் கல் புதைந்திருக்கிறது, மூணு கிராமம் கூடுகிற கல் எங்கே என்று அவர்களுக்கு மனப்பாடம். கருவி வைத்திருக்கும் எத்தனையோ பொடியன்களுக்கு அது தெரியாது.

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கருவிக்காரருக்கு மாதத் தவணை அல்லது நாள் வாடகை. டேப் ஆளுக்குக் கருவிச் செலவே இல்லை, கூட வரும் இரண்டு பேர் கூலி மட்டும்தான். பத்து, இருபது ஏக்கர் என்றால் கணக்கு தலைகீழாகி, கருவிக்காரரே ஏக்கருக்குக் குறைந்த ரேட் சொல்ல முடியும். ஆனால் இரண்டு தரப்பும் போட்டி போட்டு விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது கல் தேடும் நேரத்தைத்தான். குறைந்தது மூன்று பழைய கல்லையாவது தோண்டிப் பார்த்து, கல்லுக்குக் கல் தூரத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் எல்லையைக் குறிக்க வேண்டும். அதற்கு அரை நாளாவது பிடிக்கும். 4,000 ரூபாயில் இது நடக்குமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், 15,000 சொன்னவரிடமும் கேளுங்கள்.

தகராறு முற்றிவிட்டதென்றால் இருவர் அளவையும் பக்கத்துக்காரர் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. தனியார் அளவு உங்கள் மனத்தெளிவுக்கு மட்டும். எஃப்-லைன் மனு (எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) போட்டு, 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி அரசு சர்வேயர் வந்து, பக்கத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து அளப்பதுதான் செல்லும்.

அந்த மனு போடும் முன் நிலைமை தெரிய வேண்டும் என்றால், என் யோசனை: கல் தேடத் தெரிந்த டோட்டல் ஸ்டேஷன்காரரைப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் பழைய டேப் ஆளையும் கருவிக்காரரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். அரசு இணையதளத்தில் உங்கள் புலப்படத்தோடு சுற்றியுள்ள சர்வே எண்களின் படங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசுவதென்றால், முந்தைய நாளே ஆள் விட்டு மூலைகளில் புதர் வெட்டி வைக்கிறேன் என்று சொல்லிப் பேசுங்கள். அதற்கு நானாக இருந்தால் கட்டாயம் குறைப்பேன்.