மை பேனாவா, பால்பாயிண்ட்டா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடமாக மை பேனா பழுது பார்க்கிறேன், தினமும் அதில்தான் எழுதுகிறேன். கேள்விக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள்: நிப்பை பிளேடால் சீவாதீர்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: சார், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மை பேனா வாங்கச் சொல்லலாமா? கையெழுத்து திருந்துமா?

தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர். ஆனால் பேனா மாறியதும் கையெழுத்து மாறிவிடாது. கை அழுத்துவதை விட்டால்தான் மாறும்.

பால்பாயிண்ட் முனையில் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கிறது. அது தாளில் உருண்டால்தான் மை வரும். உள்ளே இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள கெட்டி மை. அதனால் பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கிறது. மை பேனாவில் தண்ணீர் மாதிரி மை. நிப்பின் நடுவில் இருக்கும் பிளவு வழியாக அது முனை வரை வந்து நிற்கும், தாளில் பட்டதும் தாளே இழுத்துக்கொள்ளும். பேனாவின் எடையே போதும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பால்பாயிண்ட்டில் எழுதிய நோட்டுப் பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்தெல்லாம் மேடாகத் தட்டுப்படும். அத்தனை அழுத்தத்தோடு 'ணை', 'ழு', 'ஞ' எழுதும்போது வளைவு எப்படி உருண்டையாக வரும்? நம் எழுத்தில் பாதி சுழிதான். அழுத்தும் கை சுழியில் திணறும், இரண்டு பக்கம் எழுதினால் கட்டைவிரல் வலிக்கும்.

முதல் வாரம் நோட்டெல்லாம் கறையாகும், திட்டாதீர்கள். சொட்டு விழுந்தால் துண்டு சாக்பீஸை அதன்மேல் வைத்தால் மையை உறிஞ்சிவிடும். நோட்டுத்தாள் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தாளில் மை பரவி மறுபக்கம் தெரியும், பிள்ளைக்கும் எழுத ஆசை போய்விடும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்: ஓஎம்ஆர் தாளில் மை பேனா பயன்படுத்தலாமா அண்ணா?

கூடாது தம்பி. கருப்பு பால்பாயிண்ட் மட்டும்தான். ஹால் டிக்கெட்டில் உள்ள அறிவுரையைப் படித்துவிட்டுப் போங்கள்.

மதுரை வாசகர்: சொட்டு விட்டு நிரப்பும் பேனா வைத்திருக்கிறேன். பாதி மை தீர்ந்ததும் கக்குகிறது. பேனா பழுதா?

பழுதில்லை. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. கைச்சூடு பட்டதும் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பாதி ஆனதும் நிரப்பிவிடுங்கள். மரையில் லேசாக சிலிகான் கிரீஸ் தடவினால் அந்த வழியாகக் கசியாது. விமானம் மேலே ஏறும்போதும் இதே கதைதான். முழுக்க நிரப்பி, நிப் மேலே பார்க்க வையுங்கள்.

வாசகர்: நிப் தாளைக் கீறுகிறது. பிளேடால் லேசாக...

வேண்டாம். நிப்பின் நுனியில் கடினமான உலோகக் கலவையில் ஒரு மணி ஒட்டியிருக்கிறது. பேச்சில் அதை இரிடியம் என்கிறோம். தேய்ந்தால் திரும்ப வராது. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பெரும்பாலும் பிளவின் இரு பக்கமும் உள்ள இரண்டு பல்லில் ஒன்று ஏறி, ஒன்று இறங்கியிருக்கும். ஏறியதை நகத்தால் மெதுவாக அமுக்கினால் சரியாகும்.

வாசகர்: பேனாவை யாருக்கும் இரவல் தரக்கூடாது, நிப் கெட்டுவிடும் என்பார் அப்பா. உண்மையா?

இரண்டு வரி எழுதக் கொடுப்பதால் நிப் தேயாது. அழுத்தி எழுதுகிறவர் கையில் கொடுத்தால்தான் ஆபத்து.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: இதை ஏற்க மாட்டேன். முப்பது வருடம் நான் எழுதிய பேனா. மகன் ஒரு வாரம் எழுதினான், இப்போது கீறுகிறது. நிப் கைக்குப் பழகும் என்பது பொய்யா?

பொய் இல்லை ஐயா. என் பதிலும் அரைகுறைதான், முழுதாகச் சொல்கிறேன். ஒரே சாய்வில் வருடக்கணக்காக எழுதினால் அந்த மணியில் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். அந்தத் தட்டை உங்கள் கையின் சாய்வுக்குப் பொருந்தும். வேறு சாய்வில் பிடிப்பவருக்கு அதன் விளிம்பு இடிக்கும், கீறுவது போலிருக்கும். ஆகவே பழகுவது உண்மை. ஆனால் அந்தத் தேய்மானத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது.

இப்போது *உங்களுக்கே* கீறுகிறது என்றால் வேறு காரணம். நிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனியில் பிளவு விரிந்து வெளிச்சம் அகலமாகத் தெரிந்தால், மகன் பால்பாயிண்ட் போல அழுத்தியிருக்கிறார். நிமிர்த்திவிடலாம். நீங்களே முயலாமல், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொருவர் குறுக்கிட்டு: தங்க நிப் என்றால்? தங்கம் மெத்தென்றது, சீக்கிரம் பழகுமே?

தங்க நிப்பிலும் நுனி மணி அதே கடினக் கலவைதான். தாளில் உரசுவது தங்கம் இல்லை. தங்கத்தை விரும்பியதற்கு முக்கியக் காரணம், அந்தக் கால அமில மையில் அது அரிக்காது என்பதே.

மூன்று பேர்: எந்த மை ஊற்றலாம்?

சேர்த்தே சொல்கிறேன். 'ஃபவுண்டன் பேனா மை' என்று புட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். பிரில், கேம்லின் எதுவானாலும் சரி. டிராயிங் இங்க் கூடாது, அது உள்ளே காய்ந்து அடைத்துவிடும். காசோலைக்கும் பத்திரத்துக்கும் மட்டும் பால்பாயிண்ட்டை எடுங்கள். சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் கரையும்.

கல்லூரி மாணவி: பால்பாயிண்ட்டை யார் கண்டுபிடித்தது?

முயன்றவர்கள் முன்பும் உண்டு. சரியாக எழுதவைத்தவர் ஹங்கேரிப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, 1938இல் காப்புரிமை பெற்றார். பத்திரிகை அச்சு மை சீக்கிரம் காய்வதைப் பார்த்து வந்த யோசனை.

வாசகர்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

கடையில் எழுதிப் பார்த்து வாங்குங்கள். கையால் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா வேண்டுமானால் திருவள்ளூரில் ரங்கா இருக்கிறார்கள், ராஜமுந்திரியில் ரத்னம் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வாசகி: இறந்துபோன அப்பாவின் எபோனைட் பேனா பல வருடமாக மேசையில் கிடந்தது. மை காய்ந்து அடைத்துவிட்டது. வெந்நீரில் போடலாமா?

வெந்நீர் வேண்டாம் அம்மா, எபோனைட் நிறம் மங்கிவிடும். கழுத்துப் பகுதியை மட்டும் கழற்றி, பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாக இருக்கும், மாற்றுங்கள். நாலைந்து நாள் நீலம் இறங்கிக்கொண்டே இருந்தாலும் நிப்பை நோண்டாதீர்கள். தண்ணீர் தெளிந்த அன்று துணியில் ஒற்றி, நிழலில் உலர்த்தி, மை ஊற்றி, நிப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் எழுதிப் பாருங்கள், அழுத்தாமல்.