வாசகர் கேட்டவை: விண்வெளியின் வாசல் எங்கே?

கேள்வி: விண்வெளி 80 கிலோமீட்டரில் தொடங்குவதாக ஒரு நூலிலும், 100 கிலோமீட்டரில் தொடங்குவதாக மற்றொரு நூலிலும் படித்தேன். மகளின் பள்ளி ஏட்டில் எதை எழுதச் சொல்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: 100 என்றே எழுதச் சொல்லுங்கள், ஆனால் அந்த எண் மனிதர்கள் வகுத்தது என்பதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்துகொண்டே போகிறதே தவிர, இதோடு முடிந்தது என்று எந்த இடத்திலும் அறுந்துபோவதில்லை. விமானத்தைத் தாங்குவது சிறகின்மேல் பாயும் காற்று என்பதால், காற்று மெலிய மெலிய அது இன்னும் விரைந்து பறந்தாக வேண்டும். ஓர் உயரத்துக்குப் போனதும், சிறகே இல்லாமல் பூமியைச் சுற்றிவரப் போதுமான வேகம் அதற்குத் தேவைப்பட்டுவிடும். அதற்கு மேல் சிறகுக்கு வேலையில்லை என்னும் கணக்கு, ஹங்கேரியில் பிறந்த பொறியியலாளர் தியோடர் வான் கார்மனுடையது. அவர் பெயரால் வழங்கும் எல்லைக்கோட்டை, நினைவில் நிற்கும் முழு எண்ணாக, பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 100 கிலோமீட்டரில் வைத்தது. அமெரிக்க விமானப்படையோ 50 மைலை, அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டரைக் கடந்தவர்களையே விண்வெளி வீரர்களாக ஏற்றுக்கொண்டது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எல்லையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த 100 கிலோமீட்டர், உங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தொலைவுகூட இல்லை. அதற்குள் இத்தனை வழக்கு!

கேள்வி: 2007 அக்டோபரில் நம் அங்காசாவான் (மலேசிய விண்வெளி வீரர்) டாக்டர் ஷேக் முஸாபர் ஷுகோர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மிதந்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். அங்கே புவியீர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தவறு என்கிறான் என் பேரன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்

பதில்: பேரன் சொல்வதே சரி, ஐயா. நிலையம் சுற்றும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். அவ்வளவு சிறிய விலகலில் ஈர்ப்பு எங்கே போய்விடும்? அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் ஒரு நிறுவையை வைத்து ஏறி நின்றால், இங்கே 60 கிலோ காட்டியவருக்கு அங்கே ஏறக்குறைய 53 கிலோ காட்டும். எவரும் மிதக்க மாட்டார். நிலையத்தில் இருப்பவர் மிதப்பது, அவரும் அவரைச் சுற்றியுள்ள சுவர்களும் ஒரே சீராக விழுந்துகொண்டிருப்பதால்தான்.

விழுவது தரையைத் தொடாதது எப்படி என்பதற்கு நம் பினாங்குப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, பாலத்தின் ஒரு முனையில் ஒரு பந்தைக் கைநழுவ விட்டால், அது முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். கிடைமட்டமாக எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அதே நொடியில் அதே 4.9 மீட்டர்தான் விழும். ஆனால் பூமி உருண்டை, ஏறக்குறைய 7.9 கிலோமீட்டர் போவதற்குள் அதன் பரப்பும் 4.9 மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. கடலுக்கு மேலுள்ள பாலத்தின் நீளம் 8.4 கிலோமீட்டர். அதைக் கிட்டத்தட்ட ஒரே நொடியில் கடக்கும் பந்து எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவு தரையும் கீழே விலகும்; அடுத்த நொடியும் அப்படியே. மலையுச்சியில் பீரங்கி வைத்து நியூட்டன் விளக்கியதும் இதைத்தான். நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே சுமார் 90 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிக்கிறது.

ஆகவே உயரம் சிறிய செலவு, வேகமே பெரிய செலவு. ஒரு பொருளை 400 கிலோமீட்டர் தூக்க ஆகும் ஆற்றலைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு, அதைச் சுற்றுப்பாதை வேகத்துக்குக் கொண்டுவர ஆகிறது. 1961 மே 5 அன்று 187 கிலோமீட்டர் ஏறிய அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட், அந்த வேகம் இல்லாததால் 15 நிமிடங்களில் கடலில் இறங்கினார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே யூரி ககாரின் பூமியை ஒரு முறை சுற்றி வந்திருந்தார். இரண்டையும் 'விண்வெளிக்குச் சென்றார்' என்ற ஒரே சொல்லில் அடக்குவது ககாரினுக்கு நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியானால் ராக்கெட்டை ஏன் செங்குத்தாக ஏவுகிறார்கள்?
– மாணவர், பாயான் லெப்பாஸ்

பதில்: அடர்ந்த காற்றைச் சீக்கிரம் கடப்பதற்காக. கிளம்பிச் சிறிது நேரத்திலேயே அது சாயத் தொடங்கி, எரிபொருளின் பெரும்பகுதியைப் பக்கவாட்டு வேகத்துக்கே செலவிடுகிறது. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியும் கைகொடுக்கும். நிலநடுக்கோட்டில் அது நொடிக்கு 465 மீட்டர். நம் ராசாக்சாட் துணைக்கோளும் 2009இல் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு பசிபிக் தீவிலிருந்துதான் ஏவப்பட்டது.

கேள்வி: துணைக்கோள் சுற்றுகிறதென்றால் எங்கள் கூரையிலுள்ள ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டும் கூடவே திரும்ப வேண்டாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: உயரம் கூடினால் வேகம் குறையும், சுற்றும் நீளும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமி ஒரு முறை சுழலும் நேரமும் அதுவே. எனவே நிலநடுக்கோட்டுக்கு மேல், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் உள்ள, ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தரும் மியாசாட் துணைக்கோள் நமக்கு அசையாததாகவே தோன்றும். தட்டை ஒரு முறை பொருத்தினால் போதும்.

கேள்வி: 2022இல் கூச்சிங் வானில் தீப்பொறிகள் வரிசையாகப் பறந்த காணொளியைப் பார்த்தேன். சுற்றுவது என்றைக்கும் சுற்றாதா?
– வாசகி, சுங்கை டுவா

பதில்: காற்று அறுந்துபோவதில்லை என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அதன் விளைவே அது. ஜூலை 24 அன்று ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் நடுப்பகுதி, 20 டன்னுக்கு மேற்பட்ட வெற்றுக்கூடாகத் தாழ்ந்த பாதையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அங்குள்ள மெல்லிய காற்று உராய உராய அது தாழ்ந்தது. தாழத் தாழ, வியப்பாக, வேகம் கூடியது, காற்றும் அடர்ந்தது. ஜூலை 31 நள்ளிரவு கடந்த வேளையில் அது எரிந்து சிதறியது. விண்வெளி நிலையத்துக்கும் இதே உராய்வு உண்டு. அதனால்தான் அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி, இழந்த உயரத்தை மீட்டுக்கொடுக்கிறார்கள்.